வீட்டில் பவளத் தொட்டி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சென்னையில் பதினோரு வருடமாக இரண்டடி உப்பு நீர்த் தொட்டி ஒன்றில் மென்பவளமும் (கல்போல் இறுகாத பவளம்) நான்கைந்து மீன்களும் வளர்த்துவருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தாம்பரம்: கொளத்தூரில் தொட்டி வாங்கிவிட்டேன் சார், 24×18×18 அங்குலம். ஞாயிற்றுக்கிழமை நீர் நிரப்பி அன்றே ஒரு ஜோடி க்ளவுன் மீன் விடலாமா?

விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் தொட்டியில் நானும் அவசரப்பட்டேன். நாலாம் நாள் காலையில் மீன் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, செவுள் மூடி படபடவென்று அடித்தது. மதியத்துக்குள் போய்விட்டது. மீனுக்குப் பதில் ஒரு துண்டு இறாலைத் துணியில் கட்டிப் போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்குத் தீனி. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழியம் காட்டிய பிறகு மீன்.

அண்ணா நகர்: தொட்டிக்குக் கடல் நீர் கலக்கும் உப்பு மிக்ஸ் விலை அதிகம். தூத்துக்குடி கல்லுப்பும் கடல் நீரிலிருந்து வருவதுதானே, அதைக் கரைத்தால் என்ன?

உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். அப்புறம் சமையல் உப்பு படிகமாகும். மெக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். பவளம் எலும்புக்கூடு கட்டுவதற்கு வேண்டிய இரண்டும் கல்லுப்பில் இருக்காது. மிக்ஸ்தான் வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ ஆகும். உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 பார்த்து நிறுத்துங்கள்.

பெசன்ட் நகர்: வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிடம். குடத்தில் எடுத்துவரலாமா?

வேண்டாம். பக்கத்திலேயே அடையாறு முகத்துவாரம். மழைக்காலத்தில் உப்பின் அளவே மாறிவிடும்.

மதுரை: மே மாதத்தில் தொட்டி நீர் 32 டிகிரி போகிறது அண்ணா. நீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதியில்லை.

நல்ல கேள்வி தம்பி. பவளம் 24 முதல் 27 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 30-ஐத் தாண்டிய சூடு நாள்கணக்கில் நீடித்தால், தன் திசுவுக்குள் குடியிருந்து சோறு போடும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாக் கடலிலேயே அது நடந்தது.

மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைச் சாய்த்து வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். மதுரையின் வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னையில் ஈரக் கடல்காற்று வீசும் நாளில் எனக்கு அவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 100 லிட்டரில் தினம் இரண்டு லிட்டர் போனால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு ஐந்தாம் நாள் 39-ஐத் தொடும். குறைந்ததை உப்பில்லாத நீரால்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவைத்து, காலையும் மாலையும் அதுவரை ஊற்றுகிறேன். நீரில் கரைந்த தாதுக்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டும் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும். குடிக்கும் ஆர்.ஓ.வில் ருசிக்காகத் தாது சேர்ப்பார்கள்.

ஈரோடு: தொட்டி வைத்து எத்தனை நாளில் மீன் விடலாம்?

முதல் பதிலில் இருக்கிறது.

திருச்சி: ராமேஸ்வரம் கரையில் பொறுக்கிய பவளக் கல் இரண்டு வைத்திருக்கிறேன். தொட்டியில் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள், இனி எடுக்கவும் வேண்டாம். கல் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை.

திருச்சி: அது செத்த கல்தானே சார்? யாருக்கு நஷ்டம்?

செத்த பவளமும் சட்டத்துக்குள் வரும். செத்த கல்லின் மேல்தான் புதுப் பவளக் குஞ்சு ஒட்டி வளரும், சின்ன மீன்கள் ஒளிந்துகொள்ளும்.

தூத்துக்குடி: எங்கள் தாத்தா காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பவளக் கல் வந்து சுண்ணாம்புக் காளவாயில் வெந்தது. இரண்டு கல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

நீங்கள் சொன்னதுதான் என் பயத்துக்கே காரணம். அப்படி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. தாத்தாவைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நமக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் இரண்டு கல் எடுத்தால் அதுவும் வள்ளக் கணக்குதான். தொட்டிக்குச் செயற்கைக் கல் கடையில் கிடைக்கிறது, பாக்டீரியா அதிலும் நன்றாகவே குடியேறும். பவளம் வேண்டுமென்றால், தொட்டியில் வளர்த்து வெட்டிய மென்பவளத் துண்டை ரசீதோடு வாங்குங்கள். மீனும் அப்படித்தான். மண்டபத்தில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பண்ணை மீன் கேளுங்கள்.

கோவை: ப்ளூ டாங் ஒன்று விடலாமா? இரண்டடித் தொட்டி.

முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் மீன். கூடாது.

சேலம்: தங்கமீனுக்கு வெள்ளைப் புள்ளி...

நன்னீர் மீன் வைத்தியம் எனக்குப் பழக்கமில்லை. உப்புத் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: வெள்ளைப் புள்ளிக்கென்று செம்பு கலந்த மருந்தைப் பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள், எல்லாம் செத்துவிடும்.

வேலூர்: இன்றே நீர் ஊற்றினேன், மீன் எப்போது...

முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

தாம்பரம்: இறால் போட்டு மூன்று வாரம் ஆகிறது சார். அம்மோனியா சுழியம், நைட்ரைட் 0.5. இப்போது விடலாமா?

பாதி பாக்டீரியா வந்துவிட்டது, மீதி வரட்டும். சனிக்கிழமை மறுபடி சோதித்துச் சொல்லுங்கள்.