விளக்கை அணைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். நானும் கணவரும் சம்பாதிக்கிறோம். ஒரு வருடமாக வரவு செலவு நோட்டு எழுதி வருகிறேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். எதையும் தள்ளுபடி பார்த்துத்தான் வாங்குகிறேன், அதுவும் பெரிய பாக்கெட்டாக. ஆனாலும் மாதக் கடைசியில் கணக்கில் ஒன்றும் நிற்பதில்லை. கிரெடிட் கார்டில் எப்போதும் கொஞ்சம் பாக்கி வேறு இருக்கிறது. இதற்கு மேல் எதைக் குறைப்பது?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று மாத நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதுபவர்கள் குறைவு. ஒரு பக்கத்தில் ‘தள்ளுபடியில் மிச்சம்’ என்று ஒரு தொகையை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகை இப்போது எங்கே இருக்கிறது? சம்பளம் வந்து விழும் அதே கணக்கில்தான் கிடந்திருக்கும், அடுத்த வாரமே வேறொரு செலவோடு சேர்ந்து போயிருக்கும். செலவைக் குறைப்பதை நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள். குறைத்த பணத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கத்தான் விட்டுவிட்டீர்கள்.

அந்த வேறு இடம், முதலில் உங்கள் கார்டு பாக்கிதான். மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்து 12 மாதம் ஓடினால் அது 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். உங்கள் கார்டின் விகிதம் வேறாக இருக்கலாம், மாத அறிக்கையில் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்போது, பல கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தள்ளுபடியில் கிடைத்ததை வட்டியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாக்கி தீரும்வரை கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

சரி, அந்தப் பணத்தை வீட்டில் எங்கிருந்து எடுப்பது? விளக்கிலிருந்து எடுக்க முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட் மின்சாரம் தின்ன 111 மணி நேரம் எரிய வேண்டும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு அரை மணி நேரம் போதும். மறந்துபோய் விட்ட பல்புக்காகப் பிள்ளையைத் திட்டும் நேரத்தில், குளியலறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்!

மின்கட்டணத்தில் பெரும் பங்கு சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும்தான் போகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறக்குறைய 0.44 யூனிட் வேண்டும். அது நான் சொன்ன பல்பு இரண்டு நாள் இரவும் பகலும் எரிவதற்குச் சமம். அதனால் குளிக்கப் போவதற்குச் சற்று முன்பு ஹீட்டரைப் போடுங்கள், ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்துவிடுங்கள். காலையில் ஒருவர், பத்து மணிக்கு ஒருவர் என்றால் தண்ணீர் ஆறி, மறுபடியும் சூடாக்க வேண்டிவரும். வாஷிங் மெஷினில் வெந்நீர் சலவை என்றால், மின்சாரத்தின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே செலவாகும். தினசரித் துணிக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். சமையலில் மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீர் பெரிய தீயிலும் அதே சூட்டில்தான் இருக்கும், கூடுதல் எரிபொருள் ஆவியாகத்தான் போகும்.

பகலெல்லாம் அணைத்து வைத்தும் சும்மா இழுத்துக்கொண்டிருக்கும் பெட்டிகள் இன்னொரு ரகம். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டி 10 வாட் இழுத்தால் மாதத்துக்கு 7 யூனிட். அந்தப் பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால்கூட மாதத்துக்கு ஒன்றரை யூனிட் வராது. ரிமோட்டில் அணைப்பதோடு விடாமல் சுவிட்சையும் அணையுங்கள்.

அடுத்து பெரிய பாக்கெட். இதில் நானே சூடுபட்டவன். ‘கிலோவுக்கு இவ்வளவு குறைவு’ என்று கணக்குப் போட்டுப் பெருமையாக மூட்டை தூக்கி வந்து, பாதியை வண்டு தின்றதும் வீட்டில் நான் பேச்சையே மாற்றினேன். கணக்கு எளிது. பெரிய பாக்கெட் 20 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால் லாபம் பூஜ்யம். நாலில் ஒரு பங்கு வீணானால் சின்ன பாக்கெட் வாங்குவதைவிட 6 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். கெடாத பொருளை, சோப்பு, சலவைத்தூள் போன்றதை, பெரிதாக வாங்குங்கள். கெடுவதைச் சின்னதாக வாங்குங்கள்.

உணவு வீணாவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2022ல் உலகம் முழுவதும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளில் போனது. உங்கள் நோட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை. கொட்டியதை யாரும் செலவாக எழுதுவதில்லை! இரண்டு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள்: என்ன கொட்டினோம், ஏன் கொட்டினோம். அளவு தெரியாமல் சமைத்ததா, ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மறந்து போனதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். பழையதை முன்னால் நகர்த்தி, புதிதைப் பின்னால் வையுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதை வைத்துச் சமைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சந்தாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்டு அறிக்கையில் தானாகக் கழியும் வரிகளை மட்டும் குறித்து, கடந்த 30 நாளில் யாரும் திறக்காததை இன்றே நிறுத்துங்கள். திரும்ப வேண்டுமென்றால் சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம், இடம் மாற்றும் வேலை. சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாகவே கார்டுக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். எவ்வளவு? இரண்டு மாத மின்கட்டணத்தையும் கடைச் செலவையும் ஒப்பிட்டு, உண்மையில் குறைந்ததை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். பாக்கி தீர்ந்ததும் அதே தொகை, அதே தேதியில், ஏ.டி.எம். அட்டை இல்லாத ஒரு தனிக் கணக்குக்குப் போகட்டும். மூன்று மாதச் செலவு அளவுக்கு அதில் சேரும்வரை வேறு முதலீடு எதையும் யோசிக்க வேண்டாம்.

சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கும் இப்படியே போகட்டும், உயர்வு கைக்கு வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். பொருளாதார நிபுணர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி முன்கூட்டியே சம்மதித்த ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. மாதாமாதம் மன உறுதியோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

பிள்ளைகளிடம் மின்சார மீட்டரைப் படித்து எழுதும் வேலையைக் கொடுங்கள். ஹீட்டர் ஓடும்போது ஒருமுறை, விளக்கு மட்டும் எரியும்போது ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கார்டு பாக்கி பூஜ்யமானதும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அந்தத் தனிக் கணக்கை அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம்.