சுருட்டுப் புகையும் கரி உடுப்பும்

வணக்கம் ஐயா,

வன்னியில் இருந்த உங்கள் மாமாவைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். காட்டில் கண்ணை நம்பாதே, காற்றை நம்பு என்று அவர் சொல்வதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியால் எங்கள் வீட்டில் சண்டை வந்துவிட்டது.

என் அக்காவின் மகன் ஒன்ராறியோவில் இருக்கிறான். வகுப்புக்குப் போய், அனுமதிப்பத்திரம் எடுத்து, முறைப்படி மான் வேட்டைக்குப் போகிறவன். போன வருடம் இரண்டு வாரம் ஒரே மரத்தில் ஏறி இருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். இந்த வருடம், மான் ஆளை மோந்து ஓடாமல் இருக்க, மணம் போக்குகிற சாமான்களுக்கே ஆயிரம் டொலருக்கு மேல் செலவழித்திருக்கிறான். கரி வைத்த உடுப்பு, ஓசோன் விடுகிற பெட்டி, மணமில்லாத சவர்க்காரம் என்று ஒரு அறை நிறைய வைத்திருக்கிறான். "இனிக் காற்றைப் பார்க்கத் தேவையில்லை" என்கிறான். என் அப்பாவுக்கு 82 வயது, முல்லைத்தீவில் பிறந்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார். வட்ஸ்அப்பில் இதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பெடியனுக்குக் கோபம் வந்துவிட்டது. விஞ்ஞானம் யார் பக்கம்?

வாசகர், வெள்ளவத்தை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா பக்கம்தான். ஆனால் முழுதாக அல்ல, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. கொழும்புக்கு வந்து நாற்பது வருடமாகிறது, ஒரு துவக்கையும் தொட்டது கிடையாது. மாமாவோடு போனது சின்ன வயதில், எழுபதுகளில். அப்போதும் அது சட்டத்துக்குள் இருந்ததா என்றால், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பின்னேரம் மட்டும் சொல்கிறேன். ஆவணி மாதம், காடு காய்ந்துபோய்க் கிடந்தது, தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில்தான். எங்கள் வீட்டிலிருந்து நேராக நடந்தால் கால் மணித்தியாலத்தில் குளத்துக்குப் போய்விடலாம். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய வட்டம் அடித்து, முள்ளுக்குள்ளால் ஒரு மணித்தியாலம் நடந்து, வடகிழக்குப் பக்கத்துக் குளக்கட்டில் ஒரு பாலை மரத்தடிக்குக் கொண்டுபோனார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கால் வலித்தது. சோளகம் தென்மேற்கிலிருந்து ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது, குளத்துத் தண்ணீரின் பாசி மணம் எங்கள் முகத்தில் வந்து பட்டது. மாமா இடியன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு யாழ்ப்பாணச் சுருட்டை எடுத்துப் பற்றவைத்தார்.

காட்டுக்குப் போகிற நாளில் சவர்க்காரம் போடாதே, தலைக்கு எண்ணெய் வைக்காதே என்று என்னை உருட்டி எடுத்த மனுசன்! இப்போது அரை மைலுக்கு மணக்கிற சுருட்டைப் பிடிக்கிறார். நான் பார்த்த பார்வை அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லாமல் புகையைக் காட்டினார். அது எங்கள் தோளுக்கு மேலால் பின்பக்கம், நாங்கள் வந்த காட்டைப் பார்த்து ஒரு நூல் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

மம்மல் நேரம் ஒரு பெட்டை மரை வந்தது, கன்றோடு. (இந்தியாவில் கடமான் என்பதைத்தான் நாங்கள் மரை என்கிறோம். வவுனியா மாவட்டத்தில் மரையடித்தகுளம் என்று ஊரே இருக்கிறது.) மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தது. சுருட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது, மரைக்கு அது தெரியாது. கன்று நின்றபடியால் மாமா துவக்கைத் தூக்கவில்லை, பின்னால் கலை (ஆண் மரை) வரும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அப்போது பொழுது சாய்ந்து காற்று ஒரு கணம் நின்றது. நூல் மாதிரிப் போன புகை நேரே மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகக் குளத்துப் பக்கம் சரிந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நொடி இருக்கும். மரை முன்னங்காலால் நிலத்தில் ஓங்கி அடித்தது, ஹோர்ன் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், தண்ணீரில் வளையம் மட்டும் மிச்சம்.

"காத்து விழுந்திட்டுது. எழும்பு, போவம்" என்றார் மாமா.

இன்னும் வெளிச்சம் இருந்தது. வேறு மிருகம் வந்திருக்கலாம். அவர் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. உங்கள் மருமகன் இரண்டு வாரம் ஒரே மரத்தில் இருந்தான் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. காற்று எந்தப் பக்கம் என்றாலும் அதே மரம். முதல் நாளே மான் அவனை மோந்து கணக்கெடுத்திருக்கும், மிச்சம் 13 நாளும் மானுக்கு அவனைத் தெரியும், அவனுக்கு மானைத் தெரியாது.

சரி, சாமான்களுக்கு வருவோம். உயிர்ப்பூட்டிய கரி பொய்யான சரக்கு இல்லை. தண்ணீர் வடிகட்டிகளில் இருப்பதும் அதே கரிதான், அதன் நுண்துளைகளில் மண மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் துளைகள் நிரம்பினால் நிரம்பியதுதான். தொழிற்சாலைகளில் அந்தக் கரியைத் திரும்பப் புதுப்பிக்க 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். வீட்டில் உடுப்புக் காயவைக்கிற இயந்திரம் 100 பாகையைக்கூட எட்டாது, அதில் அரை மணித்தியாலம் போட்டால் புதிதாகிவிடும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் இது வழக்காகவும் போனது. மினசோட்டா வேட்டைக்காரர்கள் 2007இல் தொடுத்த வழக்கில், மணத்தை அடியோடு போக்கும் என்ற விளம்பரம் பொய் என்று 2010இல் ஒரு நீதிபதி சொன்னார், 2011இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. ஆகவே சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தை விட நாய்களை நம்பலாம். கரி உடுப்புப் போட்டவர்களையும் சாதாரண உடுப்புப் போட்டவர்களையும் மறைந்திருக்கச் சொல்லி, மோப்ப நாய்களை விட்டுத் தேடவைத்த சோதனை ஒன்று 2002இல் அங்கே வெளியானது. நாய்கள் இரண்டு கூட்டத்தையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. பின்னே? மனிதன் தோலால் மட்டுமா மணக்கிறான்? மூச்சு விடுகிறான், அந்த உடுப்புக்கு வாயில் துணி இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் தோல் துகள் உதிர்கிறது, கழுத்தால், கையால், தொப்பிக்குக் கீழால்.

ஓசோன் பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மணத்தை உடைக்கிற அளவுக்கு ஓசோன் இருந்தால் அது நுரையீரலுக்கும் கூடாது. பூட்டிய அறைக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ அதை ஓடவிட்டுவிட்டு உள்ளே இருக்க வேண்டாம் என்று பெடியனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம் பெட்டை மானின் சிறுநீர் என்று போத்தலில் விற்பார்கள். ஒன்ராறியோவில் அதை வேட்டைக்குக் கொண்டுபோவதே சட்டவிரோதம், மான்களுக்கு வருகிற ஒரு மூளை நோய் அதன் வழியாகப் பரவக்கூடும் என்பதால்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது அவன் சொன்ன அந்த ஒரு வசனம். இனிக் காற்றைப் பார்க்கத் தேவையில்லை என்பது. அந்த ஆயிரம் டொலருக்கு அவன் வாங்கியது அதைத்தான், பார்க்காமல் இருக்கிற சுகத்தை.

நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், கடல் பக்கமோ காலி வீதிப் பக்கமோ தெரியாது. பங்குனி, சித்திரையில் ஒருநாள் பல்கனியில் இருந்து பாருங்கள். காலையில் காலி வீதி பஸ் புகையும் பேக்கரிப் பாண் மணமும் உங்களிடம் வரும், காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிற நேரம் அது. பத்துப் பதினொரு மணிக்கு அது நின்று தடுமாறும், எந்த வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்றே பிடிக்க முடியாது. மத்தியானம் தண்டவாளத்துக்கு அங்காலிருந்து உப்புக் காற்று வரும். வைகாசியில் சோளகம் தொடங்கினால் இந்த விளையாட்டு இல்லை, நாள் முழுக்க ஒரே பக்கம். மலைச்சரிவிலும் இதே கதைதான். வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், பொழுது பட்டதும் குளிர்ந்து கீழே வழியும். காலையில் மானுக்கு மேலே இருப்பவன் பின்னேரமும் அங்கேயே இருந்தால் அவன் மணம் ஓடைத் தண்ணீர் மாதிரி இறங்கி மானிடம் போகும். மாமாவுக்கு சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயரும் குணமும் தெரியும். எனக்குக் கச்சான் என்றால் காலிமுகத்திடலில் சுருள் கடதாசியில் விற்பது.

இன்னொன்று. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே மரை நிற்கும், கொம்போடு, கையெட்டும் தூரத்தில். எத்தனை பேருடைய சென்ற், எத்தனை பேருடைய வியர்வை! அது அசையாது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் நாய்களை விட்டுத் துரத்திய அதே சாதி மரைதான். மனித மணம் என்றவுடனே ஓடுவதென்றால் இது ஓடியிருக்க வேண்டுமே. மணம் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக்கூடாது என்று மிருகம் கணக்கு வைத்திருக்கிறது. ஒன்ராறியோவிலும் பண்ணைகளுக்குப் பக்கத்து மான் தினமும் மனிதனை மோந்துகொண்டுதான் மேயும். அது பயப்படுவது, நேற்றுவரை ஆளில்லாத மரத்திலிருந்து மணம் வரும்போது.

இனி உங்கள் அப்பாவின் சிரிப்புக்கு வருகிறேன். அவர் தலைமுறையில் காற்றுப் பார்த்தவர்கள் இருந்தார்கள், சரி. அதே ஊர்களில் கட்டுத்துவக்கு வைத்தவர்களும் கம்பிச் சுருக்குப் போட்டவர்களும் இருந்தார்கள், டோர்ச் அடித்துக் கண் கூசி நிற்கிற மானைச் சுட்டவர்களும் இருந்தார்கள். கட்டுத்துவக்குக்குக் காற்றுத் தெரியத் தேவையில்லை, ஆளே தேவையில்லை. மாமாவின் கடைசிக் காலத்தில் அவருடைய சொந்த மச்சான்மாரே சுருக்குக்கு மாறிவிட்டார்கள், வத்தலுக்கு, அதாவது காயவைத்த இறைச்சிக்கு, நல்ல விலை வந்தபடியால். பார்க்காமல் இருக்கிற சுகத்தை நாங்கள் கனடாவுக்கு முன்னமே வாங்கிவிட்டோம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பெடியனாவது முறைப்படி, கணக்கோடு போகிறான்.

குளிப்பது, இறப்பர் சப்பாத்துப் போடுவது, உடுப்பைச் சமையலறை மணம் பிடிக்காமல் மூடி வைப்பது எல்லாம் நல்லது, விடத் தேவையில்லை. ஆனால் அடுத்த மரத்தையும் பார்த்து வைக்கட்டும், ஒவ்வொரு காற்றுக்கு ஒவ்வொரு மரம். அந்த ஊரில் மில்க்வீட் என்று ஒரு செடி இருக்கிறது, எங்கள் எருக்கலையின் குடும்பம்தான், காய் வெடித்தால் அதே வெள்ளைப் பஞ்சு. அங்கத்தைய பழைய வேட்டைக்காரர் அதில் ஒன்றிரண்டு இழையைப் பறக்கவிட்டுத்தான் காற்றைப் பார்க்கிறார்கள். பவுடரை ஊதினால் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்துவிடும், பஞ்சு தூரத்துக்குப் போய் எங்கே திரும்புகிறது, எங்கே விழுகிறது என்று காட்டும். ஒரு காய் ஒரு பருவத்துக்குப் போதும், வீதியோரத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுத முடியுமா? முல்லைத்தீவுப் பக்கத்தில் காற்றுப் பார்க்க என்ன வைத்திருந்தார்கள், எருக்கலைப் பஞ்சா, சாம்பலா, அல்லது அங்கேயும் சுருட்டுத்தானா?