புதன்கிழமை வரை தாங்கிய தியானம்

கேள்வி: போன வருடம் எங்கள் பங்கு ஆலயத்திலிருந்து வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை மௌன தியானத்துக்குப் போனேன். கடைசிப் பூசையில் அழுதேவிட்டேன். இனி மாமியாரிடம் குரல் உயர்த்த மாட்டேன், சீரியல் பார்க்க மாட்டேன், தினமும் நாலரைக்கு எழுந்து செபிப்பேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தேன். புதன்கிழமைக்குள் மூன்றும் போய்விட்டன. இந்த வருடமும் கூப்பிடுகிறார்கள். “போன தடவை போய் என்ன மாறிட்டே?” என்கிறார் கணவர். போவதில் பலன் உண்டா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, புதன்கிழமை வரை தாங்கியதே பெரிது. என்னுடையது பல தடவை திங்கள் காலை குக்கர் விசிலோடு முடிந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மூன்று வாக்குகள்தான். இன்றைய மௌன தியானங்கள் பலவற்றுக்கும் வேர், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கிச் செபித்த நாட்களில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகள், 1548இல் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலாக அச்சேறின. தியானம் கொடுப்பவருக்கு அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: தியானம் செய்பவர் மனம் உருகி, ஆறுதலில் மிதக்கும் நேரத்தில் அவசரப்பட்டு வாக்கோ நேர்ச்சையோ செய்ய விடாதீர்கள். நீங்கள் செய்தது அதைத்தான். வாக்குத் தவறியது உண்மை. அதை வைத்துத் தியானமே வீண் என்று எப்படிச் சொல்வது?

அங்கே உண்மையில் நடப்பது வேறு. முதல் இரவு தூக்கம்தான் வரும். வெட்கப்படாதீர்கள். பைபிளில், சாக வேண்டும் என்று சூரைச்செடியின் அடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார், அவர் மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பாடு. ஒரேபு மலைக்குப் போனதும், அங்கே கடவுளை மெல்லிய சத்தத்தில் கேட்டதும் அப்புறம்தான். இரண்டாம் நாள், போனும் பேச்சும் இல்லாதபோது, மாமியார் எப்போதோ சொன்ன ஒரு சொல் மேலே வரும். அதைப் பராக்கு என்று தள்ளிவிட்டு இன்னொரு ஜெபமாலை சொல்லத் தோன்றும். தள்ளாதீர்கள். அந்தக் கோபத்தோடேயே நற்கருணை முன் உட்காருங்கள். தியானம் கொடுக்கும் அருட்தந்தையிடமோ சகோதரியிடமோ பேசும் நேரத்தில், பக்தியாக எதையாவது சொல்லாமல் அதையே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பலன் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், சற்று ஓய்வெடுக்கலாம் வாருங்கள் என்று இயேசுவே சீடர்களைத் தனியிடத்துக்கு அழைக்கிறார். கரையில் இறங்கினால், கூட்டம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. ஓய்வு போச்சு. அவர் எரிச்சல்படவில்லை, இரங்கினார். உங்கள் திங்கட்கிழமையும் அந்தக் கரை மாதிரிதான்.

கணவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் இந்த வருடம் விட்டுவிடலாம். வேலைகளை விட்டு வர முடியாதவர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே செய்யவும் இஞ்ஞாசியார் வழி வைத்திருக்கிறார். அப்படி எதுவும் இல்லையென்றால் போய் வாருங்கள். இந்தத் தடவை வாக்கு எதுவும் வேண்டாம். அப்புறம், மூன்று நாளைக்குச் சமைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு, களைத்துப்போய்க் கிளம்பாதீர்கள். இரண்டு ராத்திரி தோசை ஊற்ற உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாமலா போகும்?