ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் சேரலாமா?

கேள்வி: கடலூர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பண்ருட்டி வட்டார முந்திரித் தொழிலில் பெண்களின் கூலியைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றேன். உள்ளூர்ப் பொருளாதார மேம்பாட்டுக்கான ஆய்விதழ் ஒன்று, தன் ஆசிரியர் குழுவில் சேருமாறு மின்னஞ்சலில் அழைத்திருக்கிறது. புகைப்படமும் தன்விவரக் குறிப்பும் அனுப்பினால் போதும் என்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, கடலூர்

பதில்: ஒப்புக்கொள்வதற்கு முன், உங்களிடம் என்ன வேலையை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். நல்ல இதழாக இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை கட்டுரைகள் உங்கள் மதிப்பாய்வுக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் அவகாசம், பதவிக்காலம் எவ்வளவு, ஏற்பதா மறுப்பதா என்ற இறுதி முடிவு யாருடையது என்பதற்கெல்லாம் தெளிவான பதில் வரும். படமும் குறிப்பும் மட்டும் போதும் என்று மறுபடியும் சொன்னால், அவர்களுக்கு உங்கள் பெயர் மட்டுமே தேவைப்படுகிறது என்று பொருள்.

இது மிகையான சந்தேகம் அல்ல. போலந்து ஆய்வாளர் குழு ஒன்று, எந்தத் தகுதியும் இல்லாத ஒரு கற்பனை ஆய்வாளரை உருவாக்கி, அவர் பெயரில் 360 இதழ்களுக்கு ஆசிரியர் பொறுப்புக் கேட்டு விண்ணப்பித்தது. 48 இதழ்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. சில இதழ்கள் தலைமை ஆசிரியராகவே ஆக்கின. அந்த முடிவுகள் 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அது இதழ்களுக்குத் தரப்படும் எட்டு இலக்க அடையாள எண்தான், தரச்சான்று ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தை நாமே படித்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. அண்மை இதழ்கள் இரண்டை முழுமையாகப் படியுங்கள். குழுவில் இருப்பவர்களில் ஒருவருக்கு எழுதி, இதுவரை எத்தனை கட்டுரைகளைப் பார்த்தார் என்று கேளுங்கள்.

இதழ் நல்லது என்று தெரிந்தால் தயங்காமல் சேருங்கள் என்றே சொல்வேன், ஏனெனில் உங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில் இல்லாததால் நேரும் இழப்பு பெரிது. கடலூர் மாவட்ட முந்திரி உற்பத்தி சில ஆண்டுகளில் வேகமாக வளர்ந்தது என்று 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ஒருவர் கட்டுரை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை அறிந்தவர்தான், அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி விழுந்தது எழுந்ததன் கணக்கு என்று சுட்டிக்காட்ட முடியும். பண்ருட்டி ஆலைகளில் உடைபடும் கொட்டையில் கணிசமான பங்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாவது தெரியாதவர், ஆலைகளின் செழிப்பைத் தோப்புக்காரரின் செழிப்பாக எழுதிவிடுவார். பதிவு பெற்ற ஆலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் தொழில்துறைக் கணக்கெடுப்பை நம்பி வேலைவாய்ப்பை எண்ணினால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தோலைக் கொப்புளிக்க வைக்கும் முந்திரி ஓட்டுப் பாலுக்கு அஞ்சிக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண் அந்தக் கட்டுரையில் இருக்கவே மாட்டார். அத்தகைய கட்டுரைகளை மேற்கோள் காட்டித் திட்டங்கள் தீட்டப்படுவதும் உண்டு என்பதால், இந்தக் கேள்விகளை அச்சாகும் முன்பே கேட்க ஒருவர் வேண்டும்.

ஆசிரியர் குழுவுக்குப் போகும் முன் ஓராண்டு மதிப்பாய்வாளராக மட்டும் இருக்கிறேன் என்று கேட்பதும் நல்ல வழி. இது பதவி உயர்வுக்கு உதவுமா என்ற கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முனைவர் பட்டம் இல்லாத என்னைப் போன்றோருக்கு இத்தகைய குழுக்களில் இடம் உண்டா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: ஆசிரியர் குழு பெரும்பாலும் ஆய்வாளர்களால் ஆனது. ஆயினும் சில இதழ்கள் ஆலோசனைக் குழுவிலும், களப்பணியாளர்களுக்கான பகுதியிலும் உங்களைப் போன்றோரை வரவேற்கின்றன. வில்லியனூர் சுடுமண் கைவினைஞர்களுக்குக் கடன் ஏன் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்த கடன் எந்த மாதத்தில் திரும்பாமல் நிற்கிறது என்பன போன்றவற்றை மேசைக்கு மறுபுறம் இருந்து பார்த்தவர் நீங்கள். முதலில் அப்படி ஒரு களக்குறிப்பை எழுதி அனுப்பிப் பாருங்கள். பின்னர் மதிப்பாய்வுக்குக் கட்டுரை வந்து, அது நீங்கள் பணியாற்றிய வங்கியைப் பற்றியதாக இருந்தால், அந்தத் தொடர்பைத் தலைமை ஆசிரியரிடம் தெரிவித்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.