முடக்குவாதமும் வறட்டு இருமலும்: 6,500 ரூபாய் ரத்த டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 62. தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். 30 வருடம் பீடி குடித்தார், இப்போது விட்டுவிட்டார். 9 வருடமாக முடக்குவாதம், அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். 4 மாதமாக வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப்காரர், "முடக்குவாதத்தால் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், பேக்கேஜ் 6,500 ரூபாய்" என்கிறார். எடுக்கலாமா? மாத்திரையால்தான் இருமல் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் 2 வாரமாக அதையும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.
– குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அந்தப் பணத்தை லேப்காரரிடம் கொடுக்காதீர்கள், அம்மா. ஆனால் இருமலைச் சும்மா விடவும் கூடாது. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தடித்து, தழும்பேறிப் போகிறது. ஆண்கள், வயதானவர்கள், பீடி சிகரெட் குடித்தவர்கள், முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆன்டி சி.சி.பி. என்ற ரத்த டெஸ்டில் அளவு மிக அதிகமாக உள்ளவர்கள், மூட்டு வீக்கம் அடங்காமலே வருடக்கணக்கில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் மாமனாருக்கு இதில் மூன்று பொருந்துகிறது. எக்ஸ்ரே நார்மல் என்பது பெரிய ஆறுதல் இல்லை. ஆரம்பத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிவதே அபூர்வம்.

சரி, ரத்த டெஸ்டுக்கு வருவோம். லேப்காரர் சொல்வது பெரும்பாலும் கே.எல்.6 என்கிற டெஸ்டாக இருக்கும். காற்றுப் பைகளின் உட்சுவர் அடிபட்டு மறுபடி வளரும்போது அந்தச் செல்கள் உதிர்க்கிற ஒரு புரதம் அது. ஜப்பானில் 1999 முதல் காப்பீட்டிலேயே எடுக்கிறார்கள், ஆகவே போலி டெஸ்ட் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது புகை மாதிரி. புகை தெரிந்தால் எங்கோ எரிகிறது என்று தெரியும். அடுப்பா, குப்பையா, கூரையா என்று தெரியாது. சில தொற்றுகளிலும் சில புற்றுநோய்களிலும் கே.எல்.6 ஏறும். தழும்பு உள்ள சிலருக்கு ஏறாமலும் இருக்கும். நார்மல் என்று வந்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

பேக்கேஜ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. போன வருடம் ஆம்பூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முழு உடல் பேக்கேஜ் எடுத்ததில் சி.ஏ. 15-3 அதிகம் என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. அது மார்பகப் புற்றுநோய்க்குப் பார்க்கிற டெஸ்ட். வீடே அழுதிருக்கிறது. மேமோகிராம் எடுத்து, இன்னும் இரண்டு ஸ்கேன் எடுத்து, நகையை அடகு வைத்த பிறகு என்னிடம் வந்தார். சி.ஏ. 15-3யும் கே.எல்.6-ம் ஒரே மூலக்கூறின் இரண்டு முகங்கள். அந்த அம்மாவுக்கு மார்பில் ஒன்றுமில்லை. முடக்குவாதம் நுரையீரலைப் பிடித்திருந்தது. காகிதத்தைப் பார்த்தவர்கள் யாரும் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவில்லை. டெஸ்டுக்கு அனுப்புகிறவருக்குக் கமிஷன் போகிற வரை இப்படித்தான் நடக்கும். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் காட்பாடி ஸ்டேஷனிலும் "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன், ஸ்கேன் பாதி விலை" என்று கூடவே நடந்து வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

கே.எல்.6 பயன்படுகிற இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் விற்கிறார்கள். நோய் இருப்பது ஸ்கேனில் ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு, டாக்டர் கேட்டால், ஆரம்பத்தில் ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு இடைவெளி விட்டுப் பார்க்கலாம். முன்பைவிட நன்றாக ஏறிக்கொண்டே போனால் நோய் முன்னேறுகிறதோ என்று சந்தேகப்பட ஒரு காரணம் கிடைக்கும். அதுவும் அதே லேபில், அதே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இன்று ஒரு லேப், ஆறு மாதம் கழித்து விலை குறைவு என்று வேறொரு லேப் என்றால் இரண்டு எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. அப்போதும் அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்றக் கூடாது. மூச்சுப் பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும். உங்கள் மாமனார் இன்னும் இந்தக் கட்டத்துக்கே வரவில்லை.

அவருக்கு முதலில் வேண்டியது ஒரு காது. எம்.சி.ஆர். செருப்பில் ஒட்டுப் பட்டை இருக்குமே, அதை மெதுவாகப் பிரித்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். தழும்பேறிய நுரையீரல் மூச்சை இழுக்கும்போது முதுகின் அடிப்பகுதியில் அதே சத்தம்தான் கேட்கும். ஓ.பி.யில் சட்டைக்கு மேலே இரண்டு இடத்தில் வைத்துவிட்டு எடுத்தால் தப்பிவிடும். "சார், முதுகுப் பக்கம் கீழே வைத்துப் பாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் மூச்சு வாங்குவது. முழங்கால் வலிக்கு பயந்து இவர்கள் மாடிப்படி ஏறுவதே இல்லை, அதனால் "மூச்சு வாங்குகிறதா" என்றால் இல்லை என்பார்கள். குளித்துவிட்டு வேட்டி கட்டும்போது திணறுகிறாரா, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று நீங்கள் கவனித்துச் சொல்லுங்கள்.

2 வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே காசநோய் இல்லை என்று உறுதி செய்துவிட வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்.

அடுத்தது நான் சொன்ன மூச்சுப் பரிசோதனை, அதாவது நுரையீரல் செயல்திறன் சோதனை. ஊதச் சொல்வதோடு முடிக்காமல், ஒரு வாயுவை இழுத்து 10 விநாடி மூச்சை அடக்கச் சொல்கிற டி.எல்.சி.ஓ. பகுதியும் வேண்டும், பாதிப்பு பெரும்பாலும் முதலில் அதில்தான் தெரியும். கூடவே நுரையீரலை நுணுக்கமாகப் படமெடுக்கிற ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன். 2023-ல் அமெரிக்க மூட்டுவாத, நெஞ்சக மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரண்டைத்தான் முன்னால் வைக்கிறது. இந்த ஸ்கேனுக்கு ஊசியில் சாயம் ஏற்றத் தேவையில்லை. சீட்டில் "சாயம் வேண்டாம், குப்புறப் படுக்க வைத்தும் எடுக்கவும்" என்று எழுதி வாங்குங்கள். மல்லாந்து படுத்தே எடுத்தால், முதுகுப் பக்கம் நுரையீரல் தன் எடையில் அமுங்கியிருப்பதும் தழும்பு மாதிரியே தெரியும். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் உதவும். "ஒரு நாள் அட்மிட் போட்டால் இன்சூரன்சில் எல்லாம் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். க்ளெய்ம் தள்ளுபடியானால் முழு பில்லும் உங்கள் தலையில்தான்.

டி.எல்.சி.ஓ. இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டிக் கிடைப்பது கஷ்டம். மூட்டு டாக்டருக்கு ஒரு கிழமை, நுரையீரல் டாக்டருக்கு வேறொரு கிழமை. 62 வயது மனிதர், வீங்கிய காலோடு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை பஸ் ஏற வேண்டும். ஒரே மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம். எத்தனையோ கூட்டத்தில் சொல்லிவிட்டேன், இன்னும் நடக்கவில்லை.

கடைசியாக மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலைத் தழும்பாக்குகிறது என்ற பயம் பழையது. இந்த நாட்பட்ட தழும்புக்கு அது காரணம் இல்லை என்றுதான் இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அபூர்வமாக, சில நாட்களுக்குள்ளேயே காய்ச்சலோடு மூச்சுத்திணறல் முற்றுவது உண்டு. அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். 4 மாத வறட்டு இருமல் அந்த வகை மாதிரி தெரியவில்லை. நீங்களாக நிறுத்தியது தவறு. நீங்களாக மறுபடி ஆரம்பிப்பதும் வேண்டாம். மூட்டு அடங்காமல் கொதித்தால் அது நுரையீரலுக்கும் நல்லதில்லை. ஆகவே இந்த வாரமே மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போய், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். மறுபடி எழுதிக் கொடுத்தால், வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் என்பதை மாத்திரை அட்டையில் கிழமை பெயரோடு பேனாவால் எழுதி வையுங்கள். தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.