நாளிதழை நிறுத்திவிட்டு டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு தமிழ் நாளிதழும் ஒரு வார இதழும் வாங்குகிறோம். கல்லூரியில் படிக்கும் மகள், "தினமும் மரத்தை வெட்டிப் படிக்கிறீர்கள், ஒரு டேப்லெட் வாங்கி அதில் படியுங்கள்" என்கிறாள். சுற்றுச்சூழலுக்கு உண்மையில் எது நல்லது? – மதுரை வாசகர்

பதில்: மகளின் அக்கறை சரியானது. ஆனால் மரத்தைப் பற்றிய அவரது குற்றச்சாட்டு அப்படியே பொருந்தாது. நம் நாட்டில் தயாராகும் செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பகுதி பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்வதுதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே 1980களில் தொடங்கப்பட்டது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தான் தங்களுக்கு வேண்டிய நீராவியை எடுத்துவந்தன. சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்தால் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் வேண்டுமே? நிலக்கரி வந்தது. மரம் பிழைத்தது, புகை நின்றுவிடவில்லை. காகிதத்தின் பாவக்கணக்கில் மரத்தைவிட எரிபொருளும் தண்ணீரும் ஆலைக் கழிவுநீரும்தான் பெரிய வரிகள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. பதினாறு பக்க நாளிதழ் ஒன்றை என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 70 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. ஆண்டுக்குச் சுமார் 25 கிலோ. வார இதழுக்கு இன்னொரு ஐந்து கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காகிதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு என்று தோராயமாக வைக்கலாம். நிலக்கரியை நம்பி ஓடும் ஆலையானால் கூடும். ஆக, உங்கள் வாசிப்பின் ஓராண்டுச் சுமை 30 கிலோவை ஒட்டி வரும்.

புதிய டேப்லெட்டின் கதை வேறு. பெரிய நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், சாதாரண டேப்லெட் ஒன்றின் ஆயுள்காலச் சுமை 70 முதல் 100 கிலோ வரை வருகிறது. இதில் மிகப் பெரிய பங்கு, நீங்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே காற்றில் கலந்துவிட்டது. சுரங்கத்தில் தோண்டிய கோபால்ட், லித்தியம், தங்கம், எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரத்தை விழுங்கும் சில்லுத் தொழிற்சாலைகள் எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் போடும் சார்ஜ் இதில் பொடிக்கணக்கு. தினம் அரை மணி நேரம் படித்தால் கருவிக்கு ஆண்டு முழுவதும் ஒரு யூனிட் மின்சாரம் போதும். நம் நாட்டு மின்சாரத்தில் அது முக்கால் கிலோவுக்கும் குறைவு.

அதாவது, நாளிதழ் படிப்பதற்கு மட்டும் புதிதாக டேப்லெட் வாங்கினால், முதல் மூன்று ஆண்டுகள் வாங்கிய கடனை அடைப்பதிலேயே போய்விடும். நான்காம் ஆண்டிலிருந்துதான் லாபம். நம்மில் எத்தனை பேர் ஒரு டேப்லெட்டை நான்கு ஆண்டு வைத்திருக்கிறோம்? திரையில் ஒரு கீறல் விழுந்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

ஆனால் உங்கள் கையில் ஏற்கெனவே கைபேசி இருக்கிறதல்லவா? அதற்கான சுமை முன்பே ஏறிவிட்டது. அதிலேயே இ-பேப்பர் படித்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. திரைதான் வெல்லும், அதுவும் பெரிய வித்தியாசத்தில். மின்னஞ்சலின் அடியில் "அச்சிடும் முன் மரங்களை எண்ணிப் பாருங்கள்" என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வருமே, அதை எழுதுகிற நிறுவனங்கள் ஊழியர்களின் கணினிகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகின்றன என்பதையும் அடுத்த வரியில் எழுதினால் நன்றாயிருக்கும்.

இணையத்தின் பின்னால் இருக்கும் தரவு மையங்களைப் பற்றியும் மகள் கேட்கக்கூடும். உலகின் மொத்த மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதத்தை 2024இல் அவை எடுத்துக்கொண்டன. எழுத்தைப் படிப்பதால் அதில் சேரும் பங்கு மிகச் சொற்பம். செய்தியின் நடுவே தானாக ஓடும் வீடியோக்களை நிறுத்தி வையுங்கள்.

சின்ன எழுத்து கண்ணை உறுத்துகிறது, காலைக் காபியுடன் தாள்தான் வேண்டும் என்றால் நாளிதழைத் தொடருங்கள். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே இதழை வாங்கினால் பேசிப் பாருங்கள். ஒரே பிரதியை இரண்டு வீடு படித்தால் சுமை அங்கேயே பாதியாகிவிடும். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடும்வரை ஈரம் படாமல் கட்டி வையுங்கள். எண்ணெய் ஊறிய தாள் மறுசுழற்சிக்கு ஆகாது. வடை, பஜ்ஜியை அதில் மடிப்பது அச்சு மை கலப்பதால் உடம்புக்கும் கெடுதல். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கூடாது என்றே சொல்கிறது.

டேப்லெட்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், நல்ல நிலையில் உள்ள பழையது ஒன்றைத் தேடுங்கள். பேட்டரி மாற்ற முடியுமா, மென்பொருள் இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய கைபேசிகளையும் அப்போதே வெளியே எடுங்கள். 2022இல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். அதில் கால்பங்குகூட முறையாக மறுசுழற்சிக்குப் போய்ச் சேரவில்லை. அவற்றைக் குப்பை வண்டியில் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்ற முயல வேண்டாம், அப்படியே தனியாக ஒப்படைத்துவிடுங்கள்.