விசுவாசப் பிரமாணம்: கேட்டதும் பதிலும்

கேள்வி: பிரதர், நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. கையில் வேதாகமம் இருக்கும்போது, சபை எதை விசுவாசிக்கிறது என்று சுருக்கமாக மனுஷர் எழுதிய பிரமாணம் எதற்கு?

பதில்: வசனத்தை எல்லாத் தரப்பும் காட்டும், சிக்கலே அங்கேதான். அலெக்சந்திரியா சபையின் மூப்பர் ஆரியுஸ், குமாரன் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு என்று போதித்தார். ஆரியுஸ் தரப்புக்கு நீதிமொழிகள் 8:22 பெரிய ஆயுதம்; அங்கே பேசும் ஞானத்தைக் குமாரன் என்று வாசித்தார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் ‘கொண்டிருந்தார்’ என்றுள்ள இடத்தில், அவர்கள் வாசித்த கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘சிருஷ்டித்தார்’ என்றிருந்தது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் எந்த வேதச் சொற்றொடரை முன்வைத்தாலும் ஆரியுஸ் தரப்பார் தங்களுக்குள் கண்ணைக் காட்டி ஒத்துக்கொண்டார்கள் என்று, ஆரியுஸை எதிர்த்த அத்தனாசியுஸ் எழுதுகிறார். எப்படியும் வளைக்கலாம் என்ற தைரியம்! வளைக்க முடியாத சொல்லாக ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வந்தது: பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர். வேதத்தில் இல்லாத சொல்தான். ஆனால் வேதத்தை எப்படி வாசிப்பது என்ற தகராறைத் தீர்க்க வந்தது. பின்னாளில் சிலர் நடுவில் ஒரு ‘இ’ சேர்த்து ‘ஹோமோஇஊசியோஸ்’ என்றார்கள். ஒத்த தன்மையுள்ளவர் என்று பொருளே மாறிவிட்டது.

உங்கள் சபையின் ‘விசுவாச அறிக்கை’யை எடுத்துப் பாருங்கள். அதுவும் பிரமாணம்தான், ஆராதனையில் சொல்வதில்லை, அவ்வளவே.

கேள்வி: நாங்கள் நற்கருணை ஆராதனையில் சொல்லும் நிசேயா பிரமாணம் அந்த 325-இன் வாசகமா?

பதில்: இல்லை. 325-இன் வாசகம் ‘பரிசுத்த ஆவியையும்’ என்று நின்று, உடனே ஆரியுஸின் போதனைக்குச் சாபம் கூறி முடிகிறது. ஆவியானவர் ஜீவனைக் கொடுக்கிற கர்த்தர், பிதாவோடும் குமாரனோடும் தொழப்படுகிறவர் என்பதெல்லாம் 381-இன் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு சேர்ந்த வாசகம். சாபங்கள் அதில் இல்லை.

கேள்வி: அப்போஸ்தலர் பிரமாணத்தில் ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்றால் நரக அக்கினியிலா?

பதில்: மரித்தோர் இருக்கும் இடம் என்பதே பழைய பொருள். உண்மையாகவே மரித்தார் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. ரோமாபுரிச் சபையின் பழைய பிரமாணத்தில் இந்த வரி கிடையாது. தன் ஊரான, இத்தாலியின் அக்குயிலேயாவில் உண்டு, ரோமாபுரியில் இல்லை என்று பிரமாணத்துக்கு விளக்கம் எழுதிய ரூஃபினுஸ் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்திருக்கிறார். சில மெதடிஸ்ட் வழிபாட்டு நூல்களில் இது விடப்பட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கேள்வி: ‘பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை’ என்பது கத்தோலிக்கரையா?

பதில்: எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் உள்ள ஒரே சபையை. கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘கத்தோலிக்கே’; குழப்பம் அதனால்தான்.

கேள்வி: பிலாத்துவின் பெயர் எதற்கு அங்கே?

பதில்: தேதி குறிக்க. ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் இயேசு பாடுபட்டார் என்று.

கேள்வி: ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தலுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள்.

பதில்: முழுவதையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் கோளாறு. அப்போஸ்தலர் பிரமாணம் முளைத்தது ஞானஸ்நானத் தொட்டியில். பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, ஆவியானவரை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்வி. ஒவ்வொரு ‘விசுவாசிக்கிறேன்’ என்ற பதிலுக்கும் ஒரு முழுக்கு. ‘விசுவாசிக்கிறோம்’ என்றில்லாமல் ஒருமையில் இருப்பதும் அதனால்தான். சீர்திருத்தவாதி லூத்தரும் 1529-இன் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலில், வழக்கமான 12 பகுதியை விட்டு மூன்றாகவே பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்று கேட்டார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழாக்கியது அந்த நூலைத்தான்.

வாரம் ஒரு பகுதி எடுங்கள். பிரமாணத்தைக் கேள்வியாக மாற்றி நீங்கள் கேளுங்கள், பிள்ளைகள் பதில் சொல்லட்டும். குமாரனைப் பற்றிய இரண்டாம் பகுதிக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சரக்கு அதில்தான் அதிகம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வசனத்தை அவர்களே தேடி எழுதட்டும்: அடக்கத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் 1 கொரிந்தியர் 15:3-5 போதும். ‘உற்பவித்து’, ‘ஐக்கியம்’ இரண்டிலும் தடுமாறுவார்கள். முதல் நாளே இவற்றைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுங்கள்.